ஃபீனிக்ஸிலிருந்து ஃபால் கலர் பார்க்க: ஃபிளாக்ஸ்டாஃபா, கிரியரா, பேசனா, ஓக் கிரீக்கா?

செப்டம்பர் கடைசி வந்தால் ஃபீனிக்ஸின் புறநகர்களான சாண்ட்லர், கில்பர்ட் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இந்த வீக்எண்ட் ஃபால் கலர் (இலை உதிருமுன் மரங்கள் நிறம் மாறுவது) பார்க்க எங்கே போகலாம்?" பதிலும் தவறாமல் ஒன்றுதான்: ஃபிளாக்ஸ்டாஃப். சிலருக்கு அது சரியான பதில். மற்றவர்கள் நூற்றைம்பது மைல் ஓட்டிப் போய், முழுக்கப் பச்சையாகவோ முழுக்க மொட்டையாகவோ நிற்கும் மரங்களைப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு லீவு கிடைக்கும் தேதியை அதில் பொருத்துவதால் வருகிற வினை இது. அரிசோனாவில் முறையே தலைகீழ். உங்கள் கையில் இருக்கும் தேதியை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாம் உயரத்தின் கணக்கு. ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. இந்த வறண்ட நிலத்தில் 1,000 அடி ஏறினால் பகல் வெப்பம் நாலைந்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும். இரவில் வித்தியாசம் இன்னும் அதிகம். அக்டோபர் முதல் வாரத்தில் ஃபீனிக்ஸில் பகல் 95-ஐ ஒட்டி நிற்கும்போது, ஃபிளாக்ஸ்டாஃபில் விடியற்காலையில் கார் கண்ணாடியில் உறைபனி படிந்திருப்பது சாதாரணம். அதனால் இலைகளின் நிறமும் உச்சியில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கீழே இறங்கி வருகிறது.

பார்க்கப் போவது முக்கியமாக இரண்டு மரங்களை. ஒன்று ஆஸ்பென்: வெள்ளைப் பட்டை, மஞ்சள் இலை, பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல். இலையைத் தாங்கும் காம்பு உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருப்பதால், நம் முகத்தில் உணராத காற்றுக்குக்கூட மரம் முழுவதும் படபடக்கும். ஒரே வேரிலிருந்து கிளைத்த மரங்கள் கூட்டமாக வளர்வதால் ஒரு தோப்பு முழுவதும் ஒரே சமயத்தில் மஞ்சளாகும், பக்கத்துத் தோப்பு இன்னும் பச்சையாக இருக்கும். இன்னொன்று பிக்டூத் மேப்பிள். சிவப்பு வேண்டுமென்றால் இதுதான். 5,000 முதல் 7,000 அடி வரை, ஓடைத் தண்ணீர் உள்ள பள்ளத்தாக்குகளில் வளரும். நல்ல வெயில் அடிக்கும் பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் இருந்தால்தான் சிவப்பு ஏறும். முன்கூட்டியே கடும் உறைபனி விழுந்தால் இலை பழுப்பாகி உதிர்ந்துவிடும்.

ஆக, தோராயமான நாட்காட்டி இப்படி: செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் கிரியர், ஃபிளாக்ஸ்டாஃபை அடுத்த ஸ்னோபௌல் மலையின் மேல் பகுதி. அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் ஃபிளாக்ஸ்டாஃபைச் சுற்றியுள்ள ஆஸ்பென் தோப்புகள். அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை பேசனை அடுத்த மொகியோன் ரிம் எனும் நீண்ட மலை விளிம்பின் பள்ளத்தாக்குகள். அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் என்றால் ஓக் கிரீக். ஆண்டுக்கு ஆண்டு ஒரு வாரம் முன்பின் ஆகும். ஒரு தோப்பில் உச்ச நிறம் நிற்பது ஒரு வாரம், பத்து நாள். நடுவில் ஒரு பலத்த காற்று அடித்தால் அதுவும் இல்லை.

ஃபிளாக்ஸ்டாஃப்: வசதி அதிகம், கூட்டமும் அதிகம்

ஐ-17 நெடுஞ்சாலையில் நேராக 145 மைல், நெரிசல் இல்லாவிட்டால் இரண்டே கால் மணி நேரம். ஆனால் வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் அந்தக் கணக்கு செல்லாது. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயின்ட் வரை உள்ள ஏற்றத்தில் ஒரு விபத்து நடந்தால் போதும், பின்னால் வருபவர்கள் நிற்க வேண்டியதுதான். ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகைகள் அங்கே சும்மா வைக்கப்படவில்லை. நூறு டிகிரி வெயிலில், சாமான் நிறைந்த வண்டி, செங்குத்தான ஏற்றம், முழு ஏ.சி. மூன்றும் சேர்ந்தால் பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் முள் ஏறும். சனி காலை ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்புவது வெள்ளி மாலையைவிட எப்போதும் மேல். அறை வாடகையிலும் ஓர் இரவு மிச்சம்.

நிறம் பார்க்க ஊருக்குள் சுற்றிப் பயனில்லை. அங்கே இருப்பது பாண்டரோசா பைன், எப்போதும் பச்சை. வெயிலில் சூடான அதன் பட்டையின் பிளவில் மூக்கை வைத்தால் வனிலா மணம் வரும், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். ஆஸ்பெனுக்கு மேலே ஏற வேண்டும். மூன்று வழிகள்.

முதலாவது ஸ்னோபௌல் சாலை. யு.எஸ். 180-லிருந்து பிரிந்து ஏழு மைல் தார்ச்சாலை, இரு பக்கமும் ஆஸ்பென். முதியவர்களோடு போகிறவர்களுக்கு இதுவே போதும். மேலே கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டி 11,500 அடி வரை ஏற்றிச் செல்லும். எதிரே நிற்கும் ஹம்ஃப்ரீஸ் பீக்தான், 12,633 அடியோடு, மாநிலத்தின் உயரமான சிகரம். ஆனால் காற்று வலுத்தால் கொண்டோலா நின்றுவிடும். இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ உள்ள பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களை 11,500 அடிக்கு அழைத்துப் போக வேண்டாம். காலையில் 1,100 அடியில் இட்லி சாப்பிட்ட உடம்பு, மதியம் அந்த உயரத்தில் தலைவலியும் படபடப்பும் காட்டுவது ஆரோக்கியமானவர்களுக்கே நடக்கும்.

இரண்டாவது ஹார்ட் ப்ரெய்ரி சாலை, வனச்சாலை எண் 151. மண் பாதை. காய்ந்திருந்தால் கேம்ரி, அக்கார்டு மெதுவாகப் போய்விடும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் செடான் வேண்டாம், சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றில் எங்கள் சிபாரிசு இதற்கே: பரந்த புல்வெளி, ஓரத்தில் மஞ்சள் தோப்புகள், பின்னால் சிகரங்கள், ஆளுக்கொரு மரத்தடி கிடைக்கும் அளவுக்கு இடம்.

மூன்றாவது லாக்கெட் மெடோ. 8,600 அடியில் உள்ள புல்வெளி, அங்கிருந்து இன்னர் பேசின் ட்ரெயில் என்ற நடைபாதை தொடங்குகிறது. மற்ற இடங்களில் மரங்களைத் தள்ளி நின்று பார்க்கிறோம் என்றால், இங்கே மணிக்கணக்கில் அவற்றுக்குள்ளேயே நடக்கலாம். சிக்கல் போகும் பாதையில். மண் சாலை, பல இடங்களில் ஒற்றை வண்டி அகலம், ஒரு பக்கம் சரிவு, தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே வண்டி வந்தால் யாராவது ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். 2022 ஜூனில் பைப்லைன் தீ எரித்த மலைச்சரிவும் இதுதான். தீக்குப் பிந்தைய வெள்ளத்தில் பாதை அரிக்கப்பட்டு நீண்ட காலம் மூடிக் கிடந்தது. கோகோனீனோ தேசிய வனத்தின் இணையதளத்தில், திறந்திருக்கிறதா, வாகனக் கட்டுப்பாடு உண்டா என்று அந்த வாரமே பார்க்காமல் கிளம்பக் கூடாது.

தங்குவதற்கு ஃபிளாக்ஸ்டாஃபில் பஞ்சமில்லை. ஆனால் ரூட் 66-ஐ ஒட்டிய மலிவு விடுதிகள் பல தண்டவாளத்துக்குப் பக்கம். இரவு முழுக்க சரக்கு ரயில் போகும். தூக்கம் லேசானவர்கள் ஊரின் தெற்குப் பக்கம் தேடுவது நல்லது. பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் போன்ற வார இறுதிகளில் அறை வாடகை கண்டபடி ஏறும். தேதி முடிவானதும் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்து மலை கெட்டுப்போனாலும் இரவு வீணாகாது: 1930-ல் ப்ளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட லோவெல் வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. மற்ற மூன்று இடங்களிலும் இப்படி ஒரு மாற்று இல்லை.

ஓக் கிரீக்: அழகுக்கு முதலிடம், பார்க்கிங்குக்குக் கடைசி இடம்

செடோனாவுக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கும் இடையே 89ஏ சாலை இறங்கும் பள்ளத்தாக்கு. இதில் வெஸ்ட் ஃபோர்க் ட்ரெயில்தான் நோக்கம்: ஒரு வழி 3.3 மைல், ஏற்றம் மிகக் குறைவு, ஓடையைப் பதின்மூன்று முறை கடக்க வேண்டும், இரு பக்கமும் செம்பாறைச் சுவர், நடுவே சிவந்த மேப்பிள். அரிசோனாவில் சிவப்பு வேண்டுமென்றால் இதற்கு ஈடு எதுவும் கிடையாது.

கடக்கும் இடங்களில் பாலம் இல்லை. கல் விட்டுக் கல் தாவ வேண்டும். ஈர மேப்பிள் இலை ஒட்டிய கல் வழவழவென்று இருக்கும், விழுபவர்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகிறார்கள். பாசி படிந்த கல்லையும் இலை மூடிய கல்லையும் விட்டுவிட்டு, தண்ணீருக்குள்ளேயே காலை வைத்து நடப்பது பத்திரம். கணுக்கால் ஆழம்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கும். மாற்றுச் சாக்ஸ் ஆளுக்கு ஒன்று, நடக்க ஊன்று கம்பு ஒன்று. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முதல் இரண்டு, மூன்று கடப்புகள் வரை வந்து திரும்பினாலும் அழகான பகுதியில் நல்ல பங்கைப் பார்த்திருப்பார்கள்.

இனி பார்க்கிங். ட்ரெயில் வாசலில் உள்ள சின்ன நிறுத்துமிடம் அக்டோபர் சனி, ஞாயிறுகளில் திறந்த சற்று நேரத்திலேயே நிரம்பும். சாலையோரம் நிறுத்தத் தடை, அபராதம் உண்டு. செடோனாவில் மற்ற ட்ரெயில்களுக்குச் செல்லும் ரெட் ராக் பாஸ் இங்கே செல்லாது, தனிக் கட்டணம். கேட் திறக்குமுன் வரிசையில் நிற்பது ஒரு வழி, பிற்பகல் இரண்டரைக்கு மேல் வருவது இன்னொரு வழி. இரண்டாவதில் ஒரு சங்கடம்: ஆழமான பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். அக்டோபர் கடைசியில் சூரிய அஸ்தமனம் ஐந்தரையை ஒட்டி, உள்ளே அதற்கு வெகு முன்பே நிழல் விழும். ஒரு நாள் லீவு போட்டு வெள்ளிக்கிழமை காலையில் போக முடிந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

செடோனாவில் தங்குவது செலவு. கேம்ப் வெர்டி அல்லது காட்டன்வுட்டில் தங்கினால் வாடகை கணிசமாகக் குறையும், காலையில் அரை மணி, முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டும். ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கி மேலிருந்து இறங்குவதும் உண்டு. அந்த வளைவுகளில் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வரும், மாத்திரையை முன்பே கொடுத்துவிடுங்கள்.

பேசன், மொகியோன் ரிம்: யாரும் முதலில் சொல்லாத இடம்

கிழக்குப் பக்கம், அதாவது மேசா, கில்பர்ட், சாண்ட்லரில் இருப்பவர்கள் ஏன் ஐ-17-க்காக ஊரைக் குறுக்கே கடந்து போகிறார்கள் என்பது புரியாத விஷயம். பீலைன் ஹைவே எனப்படும் 87-ல் ஒன்றரை மணி நேரத்தில் பேசன், சுமார் 5,000 அடி. அங்கிருந்து 260-ல் கிழக்கே அரை மணி போனால் கிறிஸ்டோபர் கிரீக். அதையொட்டிய சீ கேன்யனில், ஓடைக்கரை முழுவதும் மேப்பிள். நிறத்தில் ஓக் கிரீக்குக்குக் கொஞ்சம் கீழே, நிம்மதியில் மிக மேலே. பக்கத்திலேயே ஹார்டன் கிரீக் ட்ரெயில், ஒரு வழி ஏறக்குறைய நான்கு மைல், சிறு அருவிகளோடு ஓடையை ஒட்டிச் செல்லும். கடைசிப் பகுதியில் ஏற்றமும் கற்களும் அதிகம், குழந்தைகளோடு பாதியில் திரும்புவதே சரி.

260 தொடர்ந்து ரிம்மின் மேலே ஏறும். வுட்ஸ் கேன்யன் ஏரி 7,500 அடி. படகு விடலாம், ட்ரவுட் பிடிக்கலாம், அதற்கு மாநில மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். ரிம்மின் விளிம்பில் நின்றால் கீழே இரண்டாயிரம் அடியில் காடு விரியும். பல இடங்களில் கம்பி வேலி கிடையாது, சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். வன நிறுத்துமிடங்களில் கட்டணம் உறையில் போட்டுப் பெட்டியில் சேர்க்கும் முறையாக இருக்கும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் சிக்னலை நம்பிப் பணம் கட்ட முடியாது. வரைபடத்தையும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள்.

காலையில் போய் இரவில் திரும்ப மிக வசதியான தேர்வும் இதுதான். விடுதிச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. தங்கினால் மறுநாள் டோண்டோ நேச்சுரல் பிரிட்ஜையும் சேர்த்துக்கொள்ளலாம். 183 அடி உயரச் சுண்ணப் பாறைப் பாலம், கீழே இறங்கும் பாதை செங்குத்து. குறை என்றால், உணவு. பேசனில் நம் சாப்பாடு என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போவதே உத்தமம். இன்னொன்று, அக்டோபர், நவம்பரில் இந்தக் காடுகளில் மான், எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைப் பருவம் நடக்கும். ட்ரெயிலில் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள், பழுப்பு நிற ஜாக்கெட் வேண்டாம்.

கிரியர்: மூன்று நாள் இருந்தால் மட்டும்

ஒயிட் மவுண்டன்ஸில் 8,300 அடிக்கு மேல் உள்ள குட்டி ஊர். பேசன், ஷோ லோ, பைன்டாப் வழியாக நான்கு மணி நேரம். சூப்பீரியர், குளோப், சால்ட் ரிவர் கேன்யன் வழியாகப் போனாலும் ஏறக்குறைய அதே நேரம், காட்சி இன்னும் நன்றாக இருக்கும், வளைவுகளும் அதிகம். இரண்டு நாளில் எட்டு மணி நேரம் காரிலேயே போய்விடும் என்பதால் வெறும் சனி, ஞாயிறுக்கு இது ஒத்துவராது. ஆனால் இங்கே பல பள்ளி மாவட்டங்களுக்கு அக்டோபர் முதல் பாதியில் ஃபால் பிரேக் வருகிறது. அப்போது கிரியரின் ஆஸ்பென் உச்சத்தில் இருக்கும், ஃபிளாக்ஸ்டாஃபில் அதே நாட்களில் கார் நிறுத்த இடம் இருக்காது.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஆண் எல்க் துணை தேடிக் கத்தும் காலம். விடியலிலும் அந்தியிலும் புல்வெளி ஓரத்தில் காரை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் போன்ற கீச்சுக் குரல் வரும். அதே எல்க்தான் இரவுப் பயணத்தின் பெரிய ஆபத்தும். ஆண் எல்க் 700 பவுண்டு இருக்கும், கால் நீளம், மோதினால் உடம்பு நேராக முன் கண்ணாடிக்கு வரும். இருட்டில் 260-ல் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று நின்று பாருங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்காமல் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள்.

பைன்டாப்பை அடுத்த ஹான்-டாவுக்கும் கிரியருக்கும் இடையே பெரும்பகுதி ஒயிட் மவுண்டன் அப்பாச்சி மக்களின் நிலம். சாலையில் போகத் தடையில்லை, இறங்கிக் காட்டுக்குள் நடக்கவோ மீன் பிடிக்கவோ பழங்குடி அனுமதிச் சீட்டு வேண்டும். மவுண்ட் பால்டியின் உச்சியும் அவர்கள் எல்லைக்குள், வெளியாருக்கு அனுமதி இல்லை. ட்ரெயில் அதற்கு முன்பே முடிந்துவிடும். பைன்டாப்பிலேயே பெட்ரோலையும் மளிகையையும் முடித்துக்கொள்ளுங்கள். கிரியரில் உணவகங்கள் சில, அவையும் சீக்கிரம் மூடும்.

டூசான் வழியாகப் போகும் மவுண்ட் லெமனையும் சிலர் கேட்பார்கள். 27 மைல் மலைச்சாலை, அடியில் சகுவாரோ கள்ளி, உச்சியில் 9,000 அடியில் ஃபிர் மரங்கள். டூசான்காரர்களுக்கு அருமை. ஃபீனிக்ஸிலிருந்து போனால் அந்த நேரத்தில் ஃபிளாக்ஸ்டாஃபே வந்துவிடும். மேலே பெட்ரோல் கிடையாது. ப்ரெஸ்கிட் அழகான ஊர், நிறத்துக்காகப் போக வேண்டாம்.

வண்டியும் குக்கரும்

ஃபீனிக்ஸ் வெயிலில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர், மறுநாள் 30 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் 29, 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் இந்த அளவோடு நிற்கிறது, இல்லாவிட்டால் இன்னும் இறங்கும். ஏற்கெனவே குறைவாக ஓடும் டயர் என்றால் காலையில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஓட்டை என்று பதற வேண்டாம், ஆனால் கிளம்புமுன் சரியாக அடித்துக்கொள்ளுங்கள். வைப்பர் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் மேலே உறையும். கூலன்டுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி ஓட்டும் பழக்கம் இருந்தால் அது எஞ்சினுக்கே ஆபத்து. பாலைவனக் கோடை பேட்டரியைத் தின்றுவிடும், அது தெரியவருவது முதல் குளிர்க் காலையில்தான். மூன்று கோடை கண்ட பேட்டரியை முன்பே சோதியுங்கள்.

கேபினில் சமைப்பவர்களுக்கு: 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், கிரியரில் 91, 92. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் வழக்கமான அளவு வைத்தால் சோறு நறுக்கரிசியாக நிற்கும். அரிசியை அரை மணி ஊறவைத்து, தண்ணீர் கால் பங்கு கூட்டி வையுங்கள். பருப்புக்கு பிரஷர் குக்கர்தான் வழி, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதல். கூடாரம் போடுபவர்கள் வனத்துறையின் தீத் தடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு அடுப்புக்குத் தடை இருக்கும் நாட்களிலும், திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு. குளிருக்குப் பயந்து கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

திரும்பும் ஞாயிறு பற்றி ஒன்று. ஐ-17 தெற்கு நோக்கிப் பிற்பகலில் அடைபடும். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து பதினோரு மணிக்குள் கிளம்புங்கள், அல்லது இரவு உணவை முடித்துக்கொண்டு ஏழுக்கு மேல். கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு: லேக் மேரி சாலையில் கிளின்ட்ஸ் வெல் வந்து, 87-ஐப் பிடித்து, ஸ்ட்ராபெரி, பைன், பேசன் வழியாக இறங்குவது. நேரம் முக்கால் மணி கூடினாலும், ஏரியும் காடுமாக வரலாம். இருட்டுமுன் பேசனைத் தாண்டிவிட வேண்டும், லேக் மேரி சாலையிலும் எல்க் நடமாட்டம் அதிகம்.